மலைநாட்டுக் குளிரில் ஈரப்பதக் கிறீம்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

கிறீம் திரிந்தால் பெரும்பாலானோரின் கை முதலில் சூத்திரத்துக்குத்தான் போகிறது. மெழுகைக் கொஞ்சம் கூட்டலாம், தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று தொடங்கிவிடுவார்கள். நுவரெலியா, ஹற்றன், பண்டாரவளைப் பக்கங்களில் பிழை அநேகமாக அங்கே இருக்காது. நம் கைக்கு வரும் சூத்திரங்கள் ஏறத்தாழ 25 பாகை அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நமது மேசையோ காலையில் 14, 15 பாகையில் கிடக்கிறது. ஆகவே கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் வெப்பநிலையைக் கேளுங்கள். அளவுகளைக் கடைசியாகத் தொடுங்கள். இங்கே பாகை என்றால் எல்லா இடத்திலும் செல்சியஸ்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அடிப்படைக் கிறீம்

500 கிராமுக்கு இந்த அளவுகள்:

எண்ணெய்ப் பகுதி: அயனற்ற எமல்சிபையிங் மெழுகு (எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிப்பது) 25 கிராம், சீற்றோஸ்டியரில் அல்ககோல் 10, கிளிசரில் மொனோஸ்டியரேற் 10, தேங்காய் எண்ணெய் 30, திரவப் பரபின் 30.

நீர்ப் பகுதி: காய்ச்சி வடித்த நீர் 365, கிளிசரின் 25, டைசோடியம் ஈடிடிஏ (இரும்பு போன்ற உலோகங்களைப் பிடித்து வைப்பது) 0.5.

கடைசியில்: பீனொக்சிஎதனோல் (பாதுகாப்புப் பொருள்) 4.5.

இரண்டு பகுதிகளையும் தனித்தனி முகவைகளில், நீர்த்தொட்டியில் வைத்து 75 பாகைக்குக் கொண்டுவாருங்கள். நீர்ப் பகுதியைச் சூடாக்கும் முன் முகவையோடு நிறுத்து எடையை எழுதி வையுங்கள். 75 பாகையில் 20 நிமிடம் பிடித்த பிறகு மறுபடி நிறுத்து, ஆவியாய்ப் போன அளவுக்குச் சூடான வடிநீர் விடுங்கள். எண்ணெயை நீரில் ஊற்றி, ஸ்டிக் பிளெண்டரின் தலை முழுதாக மூழ்கியிருக்க, 20 விநாடி அடித்து 20 விநாடி நிறுத்தி, மொத்தம் மூன்று நிமிடம் அடியுங்கள். பிறகு பிளெண்டரை எடுத்துவிட்டு, அகன்ற ரப்பர்க் கரண்டியால் சுவரை வழித்து வழித்து 40 பாகை வரை மெதுவாகக் கிளறுங்கள். 45க்குக் கீழே வந்ததும் பீனொக்சிஎதனோலைச் சேர்க்கலாம்.

ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தாலும் இதற்கு வேண்டாம். குடிக்க நல்ல தண்ணீர் வேறு, கிறீமுக்கு நல்ல தண்ணீர் வேறு.

வெப்பமானி கொதிநீரில் 100 காட்டவில்லை

வெப்பமானி சரியாகத்தான் இருக்கிறது. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கிறது. ஹற்றனில் ஏறத்தாழ 96, பதுளையில் 98.

இதை அறியாமல் நடக்கும் பிழை இப்படி. ஒருவர் புதிய வெப்பமானியைக் கொதிநீரில் விடுகிறார், 94 காட்டுகிறது. “ஆறு பாகை குறைத்துக் காட்டுகிறது” என்று தாள் ஒட்டி வைக்கிறார். அன்றிலிருந்து அந்த ஆய்வுகூடத்தில் 75 பாகை என்றால் வெப்பமானியில் 69. மெழுகு உருகிவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஊற்றும்போது கலவை 60க்கு அருகே இறங்கி, மணல் மணலாக வருகிறது. பிறகு மாதக்கணக்கில் மெழுகை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள்.

வெப்பமானியைப் பனிக்கட்டியில் சரிபாருங்கள். வடிநீரில் செய்த பனிக்கட்டியை நொறுக்கி, கொஞ்சம் வடிநீர் விட்டு, கூழாகக் கிளறி ஐந்து நிமிடம் வையுங்கள். அது எந்த மலையிலும் பூச்சியம்தான். கொதிநீரிலும் பார்க்க வேண்டுமானால் உங்கள் ஊரின் கொதிநிலையோடு ஒப்பிடுங்கள்.

அடிக்கும்போதே எண்ணெய் மேலே கண்ணாகத் தெரிகிறது

மூன்று காரணங்களைப் பாருங்கள், இந்த வரிசையிலேயே.

முதலாவது, கலக்கும் நேரத்து வெப்பம். முகவையில் 75 பாகை இருந்தது என்பது போதாது. குளிர்ந்த மேசையில் வைத்த குளிர்ந்த பாத்திரத்துக்குள், குளிர்ந்த பிளெண்டர்த் தலையை விட்டு அடித்தால் ஒரு நிமிடத்தில் பல பாகை போய்விடும். கலக்கும் பாத்திரத்தையும் பிளெண்டர்த் தலையையும் சூடான நீரில் வைத்திருந்து, துடைத்து எடுங்கள். முகவைக்கு அடியில் மடித்த துணியோ மரப்பலகையோ இருக்கட்டும். கலந்து ஒரு நிமிடம் கழித்து வெப்பமானி 68க்கு மேல் காட்டினால் இந்தக் காரணத்தை விட்டுவிடலாம்.

இரண்டாவது, மெழுகின் வகை. கடையில் “எமல்சிபையிங் மெழுகு” என்ற ஒரே பெயரில் இரண்டு சாமான்கள் விற்கிறார்கள். ஒன்று அயனற்றது, சீற்றோஸ்டியரில் அல்ககோலுடன் பொலிசோர்பேற் போன்றவை சேர்ந்தது. மற்றது பிரித்தானிய மருந்து நூல் முறைப்படியானது. ஒன்பது பங்கு சீற்றோஸ்டியரில் அல்ககோலுக்கு ஒரு பங்கு சோடியம் லோரைல் சல்பேற் வகை. இரண்டும் வெள்ளைச் செதிலாகவே இருப்பதால் கண்ணால் பிரித்தறிய முடியாது. விற்பவரிடம் கூறுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது வகையோடு நேரேற்றமுள்ள கண்டிஷனர்ப் பொருட்கள் சேர்ந்தால் கிறீம் அங்கேயே உடையும். கழுவாமல் தோலில் விடும் கிறீமில் அந்தச் சல்பேற்றால் எரிச்சலும் வரலாம்.

மூன்றாவது, கலவை தலைகீழாகியிருக்கலாம். அதாவது நீரில் எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெயில் நீர் இருக்கிறது. ஒரு துளியை வடிநீரில் விடுங்கள். பால்போலக் கரைந்து பரவினால் சரி; உருண்டையாக மிதந்தால் தலைகீழ். உறுதிப்படுத்த, கண்ணாடித் தட்டில் ஒரு துளிக் கிறீமுடன் மெதிலீன் நீலம் சேர்த்து நுணுக்குக்காட்டியில் பாருங்கள். பின்னணி நீலமாகவும் துளிகள் நிறமற்றும் தெரிந்தால் வெளியே இருப்பது நீர்.

உடைந்ததைக் கொட்டிவிட வேண்டாம். மறுபடி 75க்குச் சூடாக்கி, மொத்த எடைக்கு 1 சதவீதம் மெழுகை உருக்கிச் சேர்த்து அடித்தால் பெரும்பாலும் மீளும். பீனொக்சிஎதனோல் சேர்த்த பிறகு உடைந்த தொகுதி என்றால் பரிசோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

மணல் மணலாக இருக்கிறது

ஒரு மணியை விரல் நுனிகளுக்கிடையே வைத்துப் பத்து விநாடி தேயுங்கள். உருகிப் போனால் கொழுப்பு. உருகாமல் கரகரத்தால் தூள். இந்த ஒரு சோதனை அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

கொழுப்பு மணி என்றால் காரணம் பாத்திரச் சுவர். நடுவில் 50 பாகை இருக்கும்போது, குளிர்ந்த சுவரை ஒட்டிய கலவை 35க்கு வந்துவிடுகிறது. அங்கே சீற்றோஸ்டியரில் அல்ககோல் தனியே உறைந்து, கரண்டி பட்டதும் துகளாக நடுவுக்கு வருகிறது. பாத்திரத்தை 50 பாகை நீர்த்தொட்டியில் நிறுத்தி, தொட்டியோடு சேர்ந்தே ஆறவிடுங்கள். காற்றடிக்கும் யன்னலை மூடுங்கள். ஆறும்போது சுவரை வழித்துக் கிளறுவதை நிறுத்தக் கூடாது. தேநீர் குடிக்கப் போய்வரும் பத்து நிமிடம் போதும், கெட்டுவிடும். ஷியா வெண்ணெய் சேர்த்திருந்தால் வேறு கதை. அது மெதுவாக ஆறினால்தான் மணியாகும். முழுதாக உருக்கி, கொஞ்சம் விரைவாகவே ஆறவைக்க வேண்டும்.

தூள் என்றால், பீனொக்சிஎதனோலுக்குப் பதில் மெதில்பரபன் போட்டீர்களா என்று பாருங்கள். 25 பாகையில் ஒரு கிராம் மெதில்பரபன் கரைய ஏறத்தாழ 400 கிராம் நீர் வேண்டும். குளிரக் குளிர அதற்கும் அதிகமாக வேண்டும். 0.2 சதவீதம் போட்ட கிறீம் பகலில் மழமழப்பாக இருந்து, தை மாத இரவில் 8, 9 பாகைக்கு இறங்கியதும் ஊசி ஊசியாகப் படிகமாகும். மறுநாள் வெயிலில் பாதி கரைந்துவிடுவதால் புகார் சொன்னவரையே நம்ப மாட்டார்கள். படிகமான பாதுகாப்புப் பொருள் வேலையும் செய்யாது. அளவைக் குறைத்து, குறைத்த பங்குக்கு வேறொரு பாதுகாப்புப் பொருளைத் துணைக்குப் போடுங்கள்.

தூள் வழுவழுப்பான கட்டியாக, மீன் கண் போலத் தெரிந்தால் அது தடிப்பாக்கப் போட்ட சாந்தன் பசை கரையாமல் நிற்பது. நேரே நீரில் தூவாமல், முதலில் கிளிசரினில் குழைத்து, பிறகு நீரில் விடுங்கள்.

ஹற்றனில் கட்டி, கொழும்பில் பால்

இந்த இடத்தில் முதலிலேயே சூத்திரத்தைத் தொட வேண்டும்.

தேங்காய் எண்ணெய் 24 பாகையளவில் உருகும். நம் ஊரில் அது கிறீமுக்குள் திண்மமாக இருந்து கட்டித்தன்மையைக் கொடுக்கிறது. கொழும்பின் 30 பாகையில் அது வெறும் திரவம். ஆக, இங்கே பார்த்து “நல்ல கட்டி” என்று மகிழ்ந்ததில் பாதி இரவல். கட்டித்தன்மை சீற்றோஸ்டியரில் அல்ககோலிலிருந்து வரவேண்டும். தேங்காய் எண்ணெயை 30 கிராமிலிருந்து 20க்குக் குறைத்து, திரவப் பரபினை 35 ஆக்கி, சீற்றோஸ்டியரில் அல்ககோலை 15 ஆக்குங்கள். மொத்தம் மாறாது.

அளந்து பார்ப்பதிலும் இதே பொறி உண்டு. பாகுநிலைமானியில் 16 பாகையில் எடுத்த எண்ணை, 25 பாகைக்கு எழுதிய தரவரம்போடு ஒப்பிடுவது வீண். மாதிரியை மூடிய போத்தலோடு 25 பாகை நீர்த்தொட்டியில் இரண்டு மணித்தியாலமாவது வையுங்கள். கிறீம் வெப்பத்தை மெதுவாகவே ஏற்கும். சுழல்தண்டின் முறுக்கு 10க்கும் 100க்கும் இடைப்பட்ட சதவீதத்தில் இருந்தால்தான் அளவீடு செல்லும். செய்த அன்றே அளக்கவும் வேண்டாம். சீற்றோஸ்டியரில் போன்ற கொழுப்பு அல்ககோல் கிறீமுக்குள் தன் வலையை முழுதாகக் கட்ட ஒரு நாள் பிடிக்கும்.

சில நாளில் மேலே தண்ணீர் நிற்கிறது

தெளிந்த நீரா, பால் நிற நீரா என்று முதலில் பாருங்கள். மூடியின் உட்பக்கமும் ஈரமாக இருந்தால் அது கிறீமிலிருந்து வந்ததே அல்ல. 45 பாகையில் நிரப்பி, குளிர்ந்த அறையில் உடனே மூடியதால் ஆவி மூடியில் படிந்து சொட்டியிருக்கிறது. இதைச் சின்ன விடயமாக நினைக்க வேண்டாம். அந்தச் சொட்டில் பாதுகாப்புப் பொருள் இல்லை. பூஞ்சணம் தொடங்கும் இடம் அதுதான். கிறீம் 30க்குக் கீழே வரும்வரை கொதிநீரில் கழுவி உலர்த்திய துணியால் மூடி வைத்து, பிறகு மூடியைப் போடுங்கள்.

மூடி உலர்ந்திருந்து, கிறீமின் பள்ளங்களில் மட்டும் நீர் நின்றால் கிறீமே கசிகிறது. நீர்ப் பகுதியில் 0.2 முதல் 0.3 சதவீதம் சாந்தன் பசை சேர்த்தால் பெரும்பாலும் நிற்கும்.

மேலே தண்ணீர் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. மையநீக்கியில் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 30 நிமிடம் விடுங்கள். தலையின் ஆரை 10 சென்ரிமீற்றர் என்றால் அது புவியீர்ப்பின் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. ஆரை குறைந்தால் விசையும் குறையும் என்பதால் ஆரையையும் குறிப்பில் எழுதுங்கள். அதோடு 24 மணித்தியாலம் 4 பாகை, 24 மணித்தியாலம் 45 பாகை என ஆறு சுற்று. ஒரு போத்தலை அறையிலேயே ஒப்பீட்டுக்கு வையுங்கள். குளிர் மட்டும் தாங்கும் கிறீமை இங்கே யாரும் செய்யலாம். 45 பாகைதான் உண்மையான பரீட்சை.

தேயிலைச் சாறு போட்டதும் கறுத்துப் போகிறது

நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி. கொழுந்தை அவித்து வடித்த சாறு முதல் நாள் இளம் பச்சை, மூன்றாம் நாள் மண் நிறம், சில சமயம் நீலக் கறுப்பு.

மண் நிறம் என்றால் பொலிபீனோல்கள் ஒட்சியேறிவிட்டன. நீலக் கறுப்பு என்றால் இரும்பு. இரும்புச் சத்துள்ள தண்ணீரில் போட்ட தேநீர் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேதியியல்தான். துருவேறிய கரண்டி, பூச்சு உரிந்த பாத்திரம், வடிக்காத தண்ணீர் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். ஈடிடிஏயை விட்டுவிட்டீர்களா என்றும் பாருங்கள். சாறை 40 பாகைக்குக் கீழேதான் சேர்க்க வேண்டும்.

அவித்த சாறை நீர்ப் பகுதிக்கு முழுதாகப் பதிலாகப் போடுவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. கிருமிக்கு அது நல்ல சாப்பாடு. தனின் சில அயனற்ற எமல்சிபயர்களோடு பிணைந்து கிறீமையும் தளர்த்தும். கிளிசரினில் எடுத்த சாறு 2 சதவீதம் போதும்.

தடவினால் வெள்ளையாக நுரைக்கிறது, அல்லது திரள்கிறது

வெள்ளை நுரைக்குச் சீற்றோஸ்டியரில் அல்ககோலைச் சற்றுக் குறைத்து, டைமெதிகோன் (சிலிக்கோன் எண்ணெய்) 1 சதவீதம் சேருங்கள். தோலில் அழுக்குப் போலத் திரண்டு உருண்டால் பசை அதிகம். காற்றுக் குமிழி என்றால் பிளெண்டர்த் தலை மேலே வந்திருக்கிறது.

காறல் வாடை

தேங்காய் எண்ணெய்ப் போத்தலைப் பாருங்கள். குளிரில் உறைந்த போத்தலை ஒவ்வொரு முறையும் அடுப்பில் வைத்து உருக்கினால், ஈரமும் சூடும் பட்டுப் பட்டு முழுப் போத்தலும் சவர்க்கார வாடைக்குப் போய்விடும். வேண்டிய அளவை மட்டும் உலர்ந்த கரண்டியால் வெட்டி எடுத்து உருக்குங்கள். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போட்டவர்கள் டொகோபெரோல் (விற்றமின் ஈ) 0.1 சதவீதம் சேர்ப்பது நல்லது.

பிஎச் எண் நிற்காமல் ஓடுகிறது

ஒரு கிராம் கிறீமை ஒன்பது கிராம் வடிநீரில் கரைத்து, 25 பாகைக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும். கிறீமுக்குள் நேரே குத்தினால் கண்ணாடிக் குமிழில் கொழுப்புப் படலம் ஏறி எண் நகர்ந்துகொண்டே இருக்கும். இளஞ்சூட்டு நீரும் மென்சவர்க்காரமும் விட்டுக் கழுவி, வடிநீரில் அலசி, 4, 7 தாங்கற் கரைசல்களில் மறுபடி சரிபாருங்கள். தாங்கற் கரைசலும் மாதிரியும் ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும்.

இந்தக் கிறீமுக்கு 5 முதல் 6.5 வரை நல்லது. கூடினால் 10 சதவீதச் சிற்றிக் அமிலக் கரைசலைத் துளித் துளியாக விடலாம். ஆனால் ஸ்டியரிக் அமிலமும் ட்ரைஎதனோலமீனும் சேர்த்துச் செய்த கிறீமில் இதைச் செய்யாதீர்கள். அங்கே எமல்சிபயராக நிற்பதே ஸ்டியரேற் சவர்க்காரம். அமிலம் விட்டால் அது மறுபடி ஸ்டியரிக் அமிலமாகி, கண்முன்னே தயிராகத் திரியும். அந்த வகை 7.5 அளவில்தான் இருக்கும். சோடியம் பென்சோவேற்றைப் பாதுகாப்புக்குப் போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது 5க்குக் கீழேதான் சரியாக வேலை செய்யும். 6.5இல் அது வெறும் உப்பு.

கிருமி வளர்ப்புத் தட்டில் ஒன்றுமே வளரவில்லை, ஆனால் போத்தலில் பூஞ்சணம்

சுத்தமான தட்டு சுத்தமான கிறீமுக்குச் சாட்சி அல்ல. பொதுவான தோல் கிறீமுக்கு ஐஎஸ்ஓ 17516 என்ற சர்வதேசத் தரம் விதிக்கும் வரம்பு கிராமுக்கு 1,000 கிருமிக் குடியிருப்பு (தட்டில் வளரும் புள்ளி). மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கண்ணைச் சுற்றிப் பூசுவதற்கும் 100. தட்டு பொய் சொல்லும் வழிகள் இரண்டு.

பாதுகாப்புப் பொருள் மாதிரியோடு தட்டுக்கும் போய், அங்கேயும் கிருமியை அடக்கி வைக்கிறது. ஐதாக்கும் கரைசலில் பொலிசோர்பேற் 80உம் லெசிதினும் இருக்க வேண்டும்; அவை பாதுகாப்புப் பொருளை முடக்கும். இதைவிட மோசமானது, இன்கியுபேற்றர் இல்லாமல் தட்டை மேசையில் வைப்பது. பற்றீரியாத் தட்டுக்கு 30 முதல் 35 பாகையில் மூன்று முதல் ஐந்து நாள் வேண்டும். நுவரெலியா மேசையின் 16 பாகையில் ஐந்து நாளில் பல கிருமிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளரவே மாட்டா.

மறுபுறம், மாதிரி போடாத வெற்றுத் தட்டிலும் வளர்கிறது என்றால் தட்டில் ஊற்றிய வளர்ப்பு ஊடகம் கிருமி சாகும் அளவுக்கு வேகவில்லை. பிரஷர் குக்கரின் 15 இறாத்தல் (சதுர அங்குலத்துக்கு) எடை, கடல்மட்டத்தில்தான் 121 பாகை தரும். நுவரெலியாவில் வெளிக் காற்றழுத்தமே ஏறத்தாழ 81 கிலோபஸ்கல் என்பதால், அதே எடையில் உள்ளே ஏறத்தாழ 118 பாகைதான். அழுத்தமானி உள்ள ஓட்டோகிளேவில் 18 இறாத்தலுக்கு ஏற்றுங்கள். அந்த அழுத்தத்துக்கு உங்கள் பாத்திரம் செய்யப்பட்டதா என்று தயாரிப்பாளரின் தகட்டைப் பார்த்த பிறகு மட்டும். எடை மாற்ற முடியாத குக்கரில் 15 நிமிடத்தை 35 ஆக்கி, ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு வெற்றுத் தட்டை வையுங்கள். குக்கரின் எடையில் கையால் பாரம் ஏற்றுவது ஒருபோதும் வேண்டாம்.

ஈரப்பத அளவீட்டில் பூசிய கைக்கும் பூசாத கைக்கும் வித்தியாசம் இல்லை

மூடுபனி நாளில் அளந்திருப்பீர்கள். தோலின் ஈரத்தை அளக்கும் கோர்னியோமானி போன்ற கருவிகளுக்கு 20 முதல் 22 பாகையும் 40 முதல் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறை வேண்டும். கையைத் திறந்து வைத்தபடி 20 முதல் 30 நிமிடம் அமர்ந்த பிறகே அளக்க வேண்டும். வெளியே 90 சதவீதம் இருக்கும்போது பூசாத தோலும் ஈரமாகத்தான் இருக்கும். அறைக்கு ஈரமகற்றி இல்லையென்றால், யன்னலை மூடி ஹீற்றரைப் போட்டு, ஈரமானி 60க்குக் கீழே இறங்கும்வரை பொறுங்கள். இறங்காத நாளில் வேறு சோதனையைப் பாருங்கள்.